மோட்டார் வண்டி எஞ்சினின் நிலையைக் கைப்பேசியில் அறியும் முறை

நெல், காய்கறி, பால் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், விதையும் உரமும் ஏற்றி வரவும், நிலமுடைய விவசாயிகளில் பலர் காரோ, ஜீப்போ, சிறு பார வண்டியோ வைத்திருக்கிறார்கள். உழவு மாட்டுக்கு நோய் கண்டால் அது தீனி தின்னாது, அசைபோடாது. உடையவர் அன்றே அறிந்துகொள்வார். எஞ்சினோ கேடு முற்றும் வரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டரில் நீர் குறைந்ததைக் கவனியாமல் சிறிது தூரம் ஓட்டினாலும் சிலிண்டர் ஹெட் கோணி, காஸ்கெட் எரிந்து, ஒரு போகத்தின் லாபம் பட்டறைக்குப் போய்விடக் கூடும். அறுவடைச் சமயத்தில் இவ்விதம் வண்டி படுத்துவிட்டால் நஷ்டம் இரட்டிப்பாகும். இதனை முன்கூட்டி அறிவதற்கு எளிய சாதனம் ஒன்று உண்டு. அதன் விவரம் கீழே தரப்படுகிறது.

வண்டியினுள் அமைந்துள்ள ஏற்பாடு

இக்காலத்து எஞ்சின்களில் உஷ்ணம், உட்செல்லும் காற்று, சுழலும் வேகம், புகையில் எஞ்சிய பிராணவாயு முதலியவற்றை அளப்பதற்குச் சென்சார் என்னும் உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இவை தரும் அளவுகளைக் கொண்டு எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. பிழை கண்டால் அதற்குரிய குறியைப் பதிவு செய்துகொண்டு, ஓட்டுபவருக்கு எதிரே ‘செக் எஞ்சின்’ விளக்கை ஏற்றுகிறது. இந்த ஏற்பாட்டிற்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இதன் இரண்டாம் வகுப்பு கட்டாயமாயிற்று. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 ஒழுங்குக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் இரண்டாங்கட்ட விதி அமலுக்கு வந்தது.

இத்தகைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகில், 16 துளைகளுள்ள சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் சிறு அடாப்டர் ஒன்றைச் செருகினால், அது ப்ளூடூத் அல்லது வைஃபை மூலம் ஸ்மார்ட்போனுக்குச் செய்தி அனுப்பும். போனிலுள்ள செயலி அச்செய்தியை எண்ணாகவும் வரைபடமாகவும் காட்டும். உதாரணமாக, உஷ்ணம் என்னவென்று செயலி வினவினால், பெட்டி 0 முதல் 255 வரையில் ஓர் எண்ணை விடையாகத் தரும். அதிலிருந்து 40ஐக் கழித்தால் சென்டிகிரேடு டிகிரி கிடைக்கும். விடை 130 என்றால் உஷ்ணம் 90 டிகிரி.

டிராக்டர் உடையவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கிலுள்ள பெரும்பாலான டிராக்டர்களில் இத்தகைய சாக்கெட் கிடையாது. மின்னணுக் கட்டுப்பாடுள்ள பெரிய டிராக்டர்களின் செய்தி முறையும் வேறு. ஆகையால் காருக்கு வாங்கிய அடாப்டர் அவற்றிற்கு உதவாது.

தினமும் கவனிக்கத்தக்க அளவுகள்

1. நீரின் உஷ்ணம்: எஞ்சின் சூடேறியபின் பெரும்பாலான கார்களில் 85 முதல் 105 டிகிரி வரையில் நிற்கும். வழக்கமான அளவைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்த வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது. வெகு தூரம் ஓடியும் 70 டிகிரியைத் தாண்டாவிடில் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஆனால் நீர் முழுவதும் ஒழுகிப் போயிருந்தால் உணர்கருவி நீரில் தோயாமல் பொய்யாகக் குறைந்த அளவைக் காட்டக் கூடும். எனவே காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்மட்டத்தைக் கண்ணால் பார்க்கும் வழக்கத்தை விடலாகாது.

2. உணர்கருவியின் மெய்ம்மை: இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டுமுன், நீரின் உஷ்ணத்தையும் உட்செல்லும் காற்றின் உஷ்ணத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாய் இருக்க வேண்டும். மிகவும் வேறுபட்டால் அவற்றில் ஒன்று பிசகியிருக்கிறது.

3. மின் அழுத்தம்: நல்ல பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடுகையில் சாதாரணமாய் 13.8 முதல் 14.5 வரை ஏறும். ஓடும்போதும் 12.5க்கு மேல் ஏறாவிடில் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் சிக்கனத்திற்காக இவ்வழுத்தம் இடையிடையே குறைக்கப்படுவதுண்டு; அது பழுதன்று.

4. எரிபொருள் திருத்தம்: பெட்ரோல் எஞ்சின்களில் மிகப் பயனுள்ள அளவு இதுவே. பயிரின் வாட்டம் பார்த்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் போல, கட்டுப்பாட்டுப் பெட்டி புகையை ஆராய்ந்து பெட்ரோலைச் சற்றே கூட்டும், குறைக்கும். அத்திருத்தம் நூற்றுக்குப் பத்துக்குள் இருப்பின் கவலையில்லை. கூட்டல் பக்கத்தில் 20, 25 என்று நின்றால் காற்று மிகுந்தோ பெட்ரோல் குறைந்தோ இருக்கிறது என்பது பொருள். பி 0171 என்னும் குறியும் தோன்றலாம். வண்டியை நிறுத்தி எஞ்சினை மெதுவாய் ஓட்டுகையில் திருத்தம் மிகுந்து, 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் குறைந்தால், குழாய் வெடிப்பு வழியே காற்று புகுகிறது என்று ஊகிக்கலாம். அதற்கு மாறாக, பாரத்தோடு மேட்டில் ஏறும்போது திருத்தம் மிகுந்தால் பெட்ரோல் பம்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். முதற்சோதனை காற்றின் அளவை நேரே அளக்கும் கருவியுள்ள எஞ்சின்களுக்கே நன்கு பொருந்தும். காற்றழுத்தத்தை மாத்திரம் அளக்கும் எஞ்சின்களில் இதே கசிவு பெரும்பாலும் நின்றபடி ஓடும் வேகம் உயர்வதாகவே தெரியும்.

டீசல் வண்டிகள்

டீசல் எஞ்சினுக்கு மேற்படி திருத்தக் கணக்கு பொருந்தாது. டர்போவின் காற்றழுத்தத்தையும் எரிபொருள் குழாயின் அழுத்தத்தையும் கவனிக்கலாம். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 ஒழுங்குக்கு உட்பட்ட டீசல் கார்களில் கரிப்புகை வடிகட்டி உண்டு. வீட்டுக்கும் களத்துக்குமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டியில் அதன் சூடு போதாமல் கரி அடைந்துகொள்ளும். கரியின் அளவைக் காட்டும் செயலிகளும் உள. அளவு ஏறியிருப்பின், வண்டியின் கையேட்டில் கூறியபடி நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் சிறிது நேரம் நிறுத்தாமல் ஓட்டினால் கரி தானே எரிந்துவிடும்.

எச்சரிக்கைகள்

குறியை அழிப்பது பழுது நீக்குவதாகாது. அழித்தால் விளக்கு அணையும். ஆயினும் பழுது நேர்ந்த கணத்தின் உஷ்ணம், வேகம் முதலிய பதிவுகளும் கூடவே அழிந்து, மெக்கானிக்குக்கு வழி தெரியாமல் போகும். ஆகவே குறியை முதலில் எழுதிக்கொள்ளுக. உணர்கருவியின் பெயர் குறியில் வந்த மாத்திரத்தில் அதை மாற்றிவிடுதலும் வீண் செலவு; ஒயர் அறுந்திருந்தாலும் அதே குறி வரலாம். ஆயில் அழுத்தம் பொதுவான அளவுகளில் சேராது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் போனைப் பாராமல் எஞ்சினை நிறுத்துக.

அடாப்டருக்கு பாட்டரியிலிருந்து எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஆகையால் வேலை முடிந்ததும் கழற்றி வைப்பது நலம். அயலார் போன் அதனுடன் இணைவதற்கும் இடமிராது. வண்டி ஓட்டுபவர் போனைப் பார்த்தல் அபாயமாகும். அருகிலிருப்பவர் பார்க்கட்டும், தனியே செல்பவர் செயலியைப் பதிவு செய்யும்படி விட்டு, வண்டியை நிறுத்தியபின் படிக்கட்டும். ஐபோன் உடையவர்கள் தங்கள் போனுக்கு இணங்கும் அடாப்டர்தானா என்று விசாரித்தே வாங்க வேண்டும்.

பதிவேடு

எல்லாவற்றிலும் முக்கியமானது, வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் அளவுகளை எழுதி வைத்தலாகும். தேதி, ஓடிய கிலோமீட்டர், நீரின் உஷ்ணம், வோல்ட், நின்றபடி ஓடும் வேகம், திருத்தம் ஆகியவற்றை மாதம் ஒரு முறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தால் போதும். அடங்கலில் பயிரின் நிலை ஆண்டுதோறும் பதியப்படுவது போல, இப்பதிவும் சென்ற மாதத்திற்கும் இம்மாதத்திற்கும் உள்ள வேற்றுமையைக் காட்டும். அப்புத்தகத்துடன் பட்டறைக்குச் செல்பவருக்கு எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று கேட்கவும், எதை மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லவும் இயலும். கிராமத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அடாப்டர் வாங்கி முறைவைத்துக் கையாண்டாலும் காரியம் நடக்கும்.