வெண்புள்ளியும் கார்போக அரிசியும்

தோலில் ஓரிடத்தில் வெள்ளை விழுந்தால், வைத்தியரிடம் காட்டுவதற்கு முன் கைமருந்து தேடுவது எம்மவர் வழக்கம். மொன்றியலுக்கு வந்து குடியேறிய பின்னும் அது மாறவில்லை. ஊருக்குப் போய் வருபவர்களின் பெட்டியில் கார்போக அரிசி வருகிறது. செம்புக் குடம் வருகிறது. மீனையும் பாலையும் சேர்த்து உண்ணாதே என்ற புத்திமதியும் கூடவே வருகிறது. சங்க அங்கத்தவர்கள் பலர் இவை பற்றி என்னைத் தனியே அழைத்துக் கேட்பதுண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று எண்ணினேன்.

முதலில் பெயரைப் பற்றி. வெண்குட்டம் என்ற சொல்லில் "குட்டம்" இருப்பதால் பலர் இதைத் தொழுநோயின் தம்பியென்றே நினைக்கிறார்கள். இரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை. இது தொற்றாது, ஒரே பாயில் படுத்தாலும், ஒரே கோப்பையில் உண்டாலும் தொற்றாது. தமிழ்நாட்டு அரசே பழைய பெயரை விலக்கி "வெண்புள்ளிகள்" என்று வழங்கும்படி ஆணையிட்டிருக்கிறது. உலகில் இருநூறு பேருக்கு ஒருவர் முதல் நூறு பேருக்கு ஒருவர் வரை இதனால் பாதிக்கப்படுகிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 20 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உடலின் காவற்படை வழிதவறி, தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களைத் தாக்கி அழிப்பதே காரணம்.

வெள்ளையெல்லாம் வெண்புள்ளி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். முதுகிலும் மார்பிலும் மெல்லிய செதிலுடன் வருவது பெரும்பாலும் தேமல். சிறு பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாகத் தெரிவது தானாக மறைவது. ஆனால் வெளுத்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தாமதியாமல் வைத்தியரிடம் போகவேண்டும். இவற்றைப் பிரித்தறியாமல் மருந்து அரைப்பது வீண்வேலை.

இனிக் கார்போக அரிசிக்கு வருவோம். இது அரிசியல்ல, ஒரு செடியின் கறுப்பு விதை. வடநாட்டார் பாப்சி என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். வெளுத்த தோலுக்குக் கருநிற மூலிகை பூசும் செய்தி அதர்வ வேதத்திலேயே இருக்கிறது. எகிப்தியரும் நைல் நதிக்கரையில் முளைக்கும் ஒரு செடியின் விதையை உண்டு வெயிலில் நின்றார்கள். 1940களில் கெய்ரோவில் எல் மொப்டி என்ற தோல் வைத்தியர் அந்தச் செடியை ஆராய்ந்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருட்கள் மருந்தாயின. சோரலின் எனப்படும் அதே குடும்பத்துப் பொருள்தான் எங்கள் கார்போக அரிசியிலும் இருக்கிறது. 1970களிலிருந்து மருத்துவமனைகளில் சோரலின் மருந்தும் புற ஊதா விளக்கும் சேர்த்து அளந்து கொடுக்கப்பட்டன. எங்கள் பாட்டிமார் வெறுங்கையோடு நிற்கவில்லை.

ஆபத்தும் அங்கேதான். சக்தியில்லாத மருந்தானால் கெடுதியும் செய்யாது. இதற்குச் சக்தி உண்டு, அளவு மட்டும் இல்லை. எந்தக் கடை விதையில் எவ்வளவு சோரலின் இருக்கிறதென்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. வெயிலையும் கரண்டியால் அளக்க முடியாது.

நான் பார்த்த ஒரு பெண்பிள்ளைக்குக் கழுத்தில் ஒரு நாணயம் அளவு வெள்ளை. சம்பந்தம் பேசி வரும் நேரம். பெற்றோர் விதையை அரைத்துப் பூசி, யூலை மாதத்து நடுப்பகலில் பின் வளவில் இருத்தினார்கள். அன்று ஒன்றும் தெரியவில்லை. போதவில்லை என்று மறுநாளும் இருத்தினார்கள். மூன்றாம் நாள் கழுத்து முழுவதும் கொப்புளம். சோரலினின் குணமே இதுதான். சூடு பட்ட அன்று காட்டாது, இரண்டு மூன்று நாள் கழித்தே காட்டும். புண் ஆறியது, ஆனால் வெள்ளை உள்ளங்கை அளவாகிவிட்டது. இந்த நோயுள்ளவர்களுக்குத் தோல் எரிந்தாலும், உராய்ந்தாலும், கீறினாலும் அந்த இடத்தில் புதிதாக வெளுக்கக்கூடும். கொப்புளத்தோடு வந்த அந்தப் பிள்ளை என்னிடம் முதலில் கேட்டது நோவைப் பற்றியல்ல. சனிக்கிழமை பெண் பார்க்க வருபவர்களுக்கு முன் இந்தக் கட்டை மறைக்கலாமா என்பதே.

கண்ணாடி யன்னலுக்குள் இருந்தால் பாதுகாப்பு என்றும் எண்ணவேண்டாம். சோரலினைத் தூண்டும் கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். கியூபெக்கில் ஆற்றோரங்களில் வளரும் பெர்ஸ் து கோக்காஸ் என்ற இராட்சதச் செடியைத் தொடவேண்டாம் என்று அரசாங்கம் எச்சரிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் சாறு சுடுவதும் இதே இனப் பொருளினால்தான். எலுமிச்சம் புளியைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பதும் அப்படியே. கார்போக அரிசித் தூளை உள்ளுக்குச் சாப்பிடுவதோ இன்னும் மோசம். ஈரல் கெட்டவர்கள் உண்டு. குழந்தைகளின் குளியல் பொடியில் சேர்ப்பது சொற்பம், உடனே கழுவியும் விடுகிறோம், அது வேறு.

செம்புக் குடத்துத் தண்ணீருக்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: நிறம் உண்டாக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். உண்மைதான். ஆனால் தொழிலாளிகளே இல்லாத ஆலைக்கு மூலப்பொருளை அனுப்பி என்ன பயன்? மீன், பால் விலக்குக்கு ஆதாரம் இல்லை. வளரும் பிள்ளைக்குப் பாலை நிறுத்தாதீர்கள்.

செய்யக்கூடியது நிறைய உண்டு. குடும்ப வைத்தியரின் கடிதத்துடன் தோல் நிபுணரைப் பாருங்கள். மருத்துவக் காப்புறுதி அட்டை இருந்தால் அவரைப் பார்க்கப் பணம் வேண்டியதில்லை. தைரொயிட் கோளாறு இதனுடன் கூடி வருவதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். பூச்சு மருந்துகள் இருக்கின்றன. 1997க்குப் பின் பரவிய குறுகிய அலைப் புற ஊதா ஒளிச்சிகிச்சையில் சோரலின் தேவையே இல்லை. வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் போகவேண்டும். மொன்றியல் பனியில் அது இலேசல்ல. ருக்சோலிட்டினிப் என்ற களிம்பு 2022இல் அமெரிக்காவிலும் பின்பு கனடாவிலும் அனுமதிக்கப்பட்டது, விலைதான் கூட. முகம் நன்றாகத் தேறும்; விரல்நுனியும் உதடும் கடினம். நிறம் திரும்பும்போது மயிர்க்கால்களைச் சுற்றி எள்ளுத் தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். அந்த இடத்து மயிரும் நரைத்துவிட்டால் சேமிப்பும் தீர்ந்ததென்று பொருள். ஆகவேதான் ஒளித்து வைத்து ஒன்றிரண்டு வருடத்தைக் கைமருந்தில் போக்கவேண்டாம் என்கிறேன்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. சில ஒட்டுப் பொட்டுகளின் பசையில் நிறக் கலங்களைக் கொல்லும் ஒருவகைப் பீனோல் உண்டு. பொட்டு வைக்குமிடம் வட்டமாக வெளுக்கத் தொடங்கினால் அன்றைக்கே அதை விட்டுவிட்டுத் திருநீற்றோடு நில்லுங்கள். விட்டபின் சிலருக்கு நிறம் தானாகவே திரும்புகிறது. இரண்டு மூன்று மாதத்தில் திரும்பாவிட்டால், அந்தப் பொட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.