முதுமலையில் உண்ணிச்செடி ஒழிப்புச் சிரமதானம்

முதுமலைக் காட்டையொட்டிய சிற்றூர்களில் மாடு வைத்திருப்போர் யாவரும் உண்ணிச்செடியை அறிவர். அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, பூவின் அழகிற்காகவும் வேலிக்காகவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையரால் கல்கத்தாவிற்குக் கொணரப்பட்டது. இன்று புலிகள் காப்பகத்தின் உட்புறம் வரை பரவிவிட்டது. இது அடர்ந்த இடத்தில் புல் தழைப்பதில்லை. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் மேய்ச்சல் குறைகிறது. இலையைத் தின்ற மாடுகளுக்கோ ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகிறது. கோடையில் காட்டுத்தீ மூண்டால், இப்புதரே ஏணியாகித் தீயை மரக்கிளைக்கு ஏற்றுகிறது.

அரிவாளால் வெட்டினால் ஒழியும் என எண்ணுதல் வீண். வெட்டிய அடியிலிருந்து பல கிளைகள் வெடித்து, முன்னினும் அடர்த்தியாக வளரும். டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்து, கார்பெட் புலிகள் காப்பகத்தில் கையாளப்பட்ட முறை எளியது. துளிர்விடும் ஆற்றல் தண்டும் வேரும் கூடுமிடத்திலேயே உள்ளது. ஆதலின், மண்ணுக்குக் கீழே ஓரிரு அங்குல ஆழத்தில் ஆணிவேரை வெட்டித் தூற்றை முழுதாகப் பெயர்த்து, வேர் மேல்நோக்குமாறு தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடல் வேண்டும். காய் கருத்துப் பழுக்குமுன் இதனைச் செய்தல் நலம்.

இதன் பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. பழத்தைத் தின்ற பறவைகள் எந்த மரத்தில் தங்குகின்றனவோ, அதன் அடியில் புதுக்கன்றுகள் திரளாக முளைக்கும். ஓடைக்கரைகளிலும் அவ்வாறே. அவற்றை ஆண்டுதோறும் மழைக்குப்பின் ஈரமண்ணில் கையாற் பிடுங்கி, வெற்றிடத்தில் அக்காட்டுப் புல்லையே விதைத்தல் வேண்டும். சிரமதானம் என்றால் நூறு பேர் ஒருநாள் கூடி, புகைப்படம் எடுத்துக் கலைவது என்னும் வழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. இங்கு அது உதவாது. ஒரே இடத்திற்குச் சில ஆண்டுகள் தவறாது வரும் பத்துப் பேரே போதும்.

தேசியப் பூங்காவினுள் நுழைவதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். பஞ்சாயத்து தீர்மானம் நிறைவேற்றி, வனச்சரக அலுவலருக்கு எழுதுதல் முறை. வனக்காவலர் உடன்வராமல் ஒருவரும் புதரை நெருங்கலாகாது. யானை பத்தடியில் நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாது. அயல் தாவரங்களை அகற்றுதற்கெனத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்திருப்பதால், கோரிக்கைக்கு ஆதாரமும் உண்டு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தூறு பெயர்த்தல் பழங்குடி மக்களுக்குக் கூலி தரும் வேலை. நீலகிரியில் அவர்கள் உண்ணிக் கழிகளைக் கொண்டு யானை உருவங்களும் செய்கின்றனர். தொண்டு என்ற பெயரால் அவர்தம் பிழைப்பைப் பறிக்கலாகாது. பெருந்தூறுகள் கூலி வேலையாகவே இருக்கட்டும். கன்று பிடுங்குதலைத் தொண்டர்கள் ஏற்கலாம்.

அனுமதி வருமுன் ஊர்ப் புறம்போக்கிலும் மந்தைவெளியிலும் உள்ள செடிகளை அகற்றத் தொடங்கலாம். பூங்காவினுள் பறவைகள் சுமந்து செல்லும் விதையில் ஒரு பகுதி அங்கிருந்தே போகிறது.