கொட்டகைக்கு விமோசனம்

சித்திரை மாதத்து வெயிலில் விசிறியும் கையுமாகத் தவிக்கும் சமவெளி நண்பர்கள், "குன்னூரில் வாசம் செய்யும் உங்களுக்கு என்ன குறை?" என்று நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கம். அவர்களில் யாரேனும் சென்ற கார்த்திகைக்கு முந்திய கார்த்திகையில் வந்து, நமது வீட்டு மோட்டார் கொட்டகையில் ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தால், அந்தப் பெருமூச்சு அந்த க்ஷணமே இருமலாக மாறியிருக்கும்.

குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். மழை விட்டால் மூடுபனி வந்து கதவைத் தட்டும். தட்டாமலே உள்ளே நுழைவதும் உண்டு. உபாத்தியாயருக்கு மோட்டார் கொட்டகை ஏது என்று நேயர்கள் ஐயுற வேண்டாம். மாமனார் வழியில் வந்த பழைய வீட்டோடு சேர்ந்து வந்தது அது. ஆதியில் குதிரை லாயம். கற்சுவர், தகரக் கூரை, பலகையடித்து மூடிய ஒரு ஜன்னல், நடுவில் ஒரு குண்டு பல்பு. மலைச்சரிவை வெட்டிக் கட்டியதால் பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டியே நின்றது. அங்கே வைத்த சுத்தியல் துருப்பிடிக்கும். செருப்பில் பூசணம் பூக்கும். குடை ஒரு வாரமானாலும் உலராது. நமது பழைய மோட்டார் வண்டி மட்டும் வேறு வழியின்றி அங்கே காலம் தள்ளி வந்தது.

இந்த இடத்தைச் சீர்திருத்தவேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஆடம்பரத்தினால் உண்டாகவில்லை. அக்கம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலிருந்து எட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீக்ஷைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் மாலையில் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லை. நமது வீட்டுக் கூடத்திலோ எட்டுப் பேர் உட்கார இடம் இல்லை. ஆகவே கொட்டகைதான் பாடசாலை என்று முடிவாயிற்று.

முதல் நாள் மாலை குளிர் எலும்பைத் துளைத்தது. பிள்ளைகள் நடுங்குவதைக் கண்டு மனம் பொறாமல், குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து நடுவில் வைத்தோம். பனி புகாதபடி கதவுகளையும் சாத்தினோம். அரைமணி நேரம் சென்றிருக்கும். ஒரு சிறுமி தலையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தவன் வயிற்றைப் பிரட்டுகிறது என்றான். அந்தச் சமயத்தில் காப்பி கொண்டுவந்த நம் மனைவி, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, "எல்லோரும் வெளியே வாருங்கள்!" என்று கூவினாள். பிறகு நம்மைப் பார்த்து, "நீங்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் அல்லவா சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை.

காற்றோட்டமில்லாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிவாகப் பற்றிக்கொள்கிறது. மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திராத செய்தியை, மலையூர்களிலிருந்து வரும் பத்திரிகைச் செய்திகளில் நாம் பன்முறை வாசித்திருக்கிறோம். வாசித்தும் புத்தி வரவில்லை. தெய்வாதீனமாகப் பிள்ளைகளுக்கு அன்று விபரீதம் ஒன்றும் நேரவில்லை. அன்றிரவே குமுட்டி அடுப்பைப் பரண்மேல் ஏற்றினோம்.

நீர் வரும் வழி

மறுநாள் வந்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, குளிருக்கு வைத்தியம் அப்புறம் பார்க்கலாமுங்க, முதல்ல ஓதத்தைப் பாருங்க. ஈரத்தோட இருக்கிற சுவரு எத்தனை நெருப்பு வச்சாலும் காயாதுங்க" என்றார். நமது கல்லூரிப் படிப்பு சொல்லத் தவறியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ஈரம் மூன்று வழியாக வரலாம்: கூரையிலிருந்து ஒழுகலாம், மண்ணிலிருந்து ஊறலாம், காற்றிலிருந்து படியலாம். எது என்று அறியாமல் பணம் செலவழிப்பது வீண். அதை அறிய எளிய பரீக்ஷை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவினால் இறுக ஒட்டிவிடவேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் அது மண்ணிலிருந்து வந்தது. மேலே முத்து முத்தாகப் படிந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. நமது கொட்டகையில் அடியிலும் இருந்தது, மேலும் இருந்தது. தாராள மனம் படைத்த கொட்டகை!

காற்றிலுள்ள நீர் படிவதன் காரணம் இது: 20 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் சில்லென்ற சுவரிலும் தகரத்திலும் நீராகப் படிகிறது. சிலர் குளிருக்காகக் கொட்டகையில் எரிவாயு அடுப்பை மூட்டுகிறார்கள். 1 கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. அதாவது, உலர்த்துவதற்காக மூட்டிய நெருப்பே நீரை வாரி இறைக்கிறது. விஷவாயு அபாயமும் நீங்குவதில்லை.

முதலில் மண்ணின் ஊற்றைத் தடுத்தோம். பின்சுவரை ஒட்டியிருந்த மண்மேட்டைச் சரித்து அகற்றி, உட்தரையைவிடத் தாழ்வாக, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு வாய்க்கால் தோண்டினோம். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டக்கூடாது என்பதில் கொத்தனார் கண்டிப்பாக இருந்தார். துளையிட்ட குழாயை அடியில் கிடத்தி, 100 அடிக்கு 1 அடி வீதம் சரிவு கொடுத்து, மேலே ஜல்லியைப் பரப்பினோம். கூரை நீர் சுவரடியில் விழாமல் தகரத் தூம்பு கட்டித் தூரத்தில் கொண்டுபோய் விட்டோம். அடுத்த மழையில் அந்தக் குழாய் கொட்டிய நீரைக் கண்டபோதுதான், இத்தனை காலம் நமது சுவர் எவ்வளவு குடித்துக்கொண்டிருந்தது என்பது புலனாயிற்று.

அடுத்தது சுவர். யாரோ முன்பு ஓதத்தை மறைக்க உட்புறம் சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கற்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஆகாது. உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்துப் பூச்சு பொரியும். பொரிந்ததைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தே பூசினோம். அது உலர்ந்தபின், நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, நீர்க்கக் கரைத்து, மூன்று முறை வெள்ளையடித்தோம். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிடச் செய்கிறது. அதன் காரம் பூசணத்தையும் எளிதில் அண்டவிடுவதில்லை. கண்ணில் தெறித்தால் கேடு; ஆகையால் பிள்ளைகளை அன்று அருகே விடவில்லை.

தரையில் பாதி வண்டிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகளின் பாதியில் கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரித்து, மரச் சட்டங்களின்மேல் பலகை அடித்தோம். குளிர்ந்த தரைக்கும் பாதத்துக்கும் நடுவே காற்று இடைவெளி கிடைத்தது.

வெளிச்சமும் வெப்பமும்

வெள்ளையடித்த மறுநாளே பாதி இருள் ஓடிவிட்டது. வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. கறுத்த சுவரோ அதை விழுங்கிவிடுகிறது. ஜன்னலில் அடித்திருந்த பலகையைப் பிடுங்கிக் கண்ணாடி போட்டோம். கூரையில் இரண்டு தகரங்களை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடுகளைப் பதித்தோம். குண்டு பல்புக்கு ஓய்வு கொடுத்தோம். 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் ஒளி தரும். 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு சுமார் 2,000 லூமன் தருகிறது. அப்படி இரண்டு விளக்குகளை, எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி இரு பக்கமும் மாட்டினோம்.

கடைசியில்தான் வெப்பம். தகரத்துக்குக் கீழே நான்கு அங்குலம் இடைவெளி விட்டு ஒட்டுப்பலகையால் உட்கூரை அமைத்தோம். அந்த இடைவெளியில் ஈரம் தங்காதபடி இறவாரத்தில் துளைகள் விட்டோம். ஒளி வரும் தகடுகளுக்கு அடியிலும் இன்னொரு தகடு வைத்தோம். கதவின் அடியில் ரப்பர்ப் பட்டை அடித்தோம். இவ்வளவும் ஆனபின், மிகக் கடுங்குளிர் நாட்களில் மட்டும் சிறிய மின்சாரக் கணப்பு ஒன்று போதுமாயிருக்கிறது. ஈரமான இடத்தில் மின்சாரம் விளையாட்டல்ல. ஆகவே எர்த் இணைப்பைச் சோதித்து, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் தடுப்பானையும் பொருத்தினோம்.

இன்னொரு கணப்பையும் கண்டுகொண்டோம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டாலும், எட்டுப் பேர் சேர்ந்தால் ஓர் அடுப்புக்குச் சமானம்! ஆனால் அவர்களுடைய மூச்சிலும் நீராவி உண்டு. ஆகையால் சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்றுத் துவாரங்கள் வைத்து, அவற்றை ஒருபோதும் அடைப்பதில்லை என்று விதி செய்தோம். வெயில் உள்ள நாளில் முற்பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மூடுபனி இறங்குவதற்கு முன் சாத்துகிறோம்.

செலவு முழுவதும் நமது ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலாயிற்று. அதில் பெரும்பகுதியை விழுங்கியது கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்தான். முதலில் விளக்கும் கணப்பும் வாங்கியிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். ஓதமும் அப்படியே இருந்திருக்கும்.

இப்போது மாலை ஐந்து மணிக்கு, வண்டியின் எஞ்சினை முடுக்காமல் கையால் தள்ளி வெளியே விடுகிறோம்; கதவுகளைக் கால்மணி நேரம் திறந்துவைத்த பிறகே பிள்ளைகள் நுழைகிறார்கள். அன்று தலையைப் பிடித்துக்கொண்ட சிறுமி, புத்தகத்தைத் திறப்பதற்கு முன் மேல் துவாரத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்து, அது திறந்திருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொள்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் நாமும் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறோம். மோட்டார் வண்டி மட்டும், தன் வீட்டைப் பறிகொடுத்த மனத்தாங்கலோடு, பனியில் நனைந்துகொண்டு முற்றத்தில் நிற்கிறது.