காதில் புகுந்த பொருள்: எடுக்க முயலாதீர்கள், அழைத்து வாருங்கள்

குழந்தையின் காதில் மணியோ புளியங்கொட்டையோ புகுந்துவிட்டது என்று எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வரும் பெற்றோருள் பலர், வீட்டில் ஒருமுறையேனும் அதை எடுக்க முயன்ற பின்னரே வருகின்றனர். கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி, பஞ்சுக்குச்சி ஆகியவையே அதற்குக் கருவிகள். பெரும்பாலான சிக்கல்கள் அந்த முயற்சியில்தான் தொடங்குகின்றன.

பெரியவர்களின் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது, குழந்தைகளுக்கு இன்னும் சிறியது. அதன் வெளிப்பகுதி குருத்தெலும்பாலும் உட்பகுதி எலும்பாலும் ஆனது. எலும்பின் மீதுள்ள தோல் மிக மெல்லியது. இலேசாக உரசினாலும் கடுமையாக வலிக்கும், குருதி கசியும். இரு பகுதிகளும் சேருமிடத்தின் அருகே குழல் குறுகுகிறது. வழவழப்பான உருண்டைப் பொருளை ஊசியால் பற்ற இயலாது. அது நழுவிக் குறுகலைத் தாண்டினால், செவிப்பறையை ஒட்டிச் சென்று நிற்கும். தோல் வீங்கும், குழந்தையும் அஞ்சி, மறுபடி காதைத் தொடவிடாது. சில நிமிடங்களில் முடிந்திருக்கக்கூடிய பணிக்கு மயக்க மருந்து தேவைப்படும்.

எல்லாப் பொருள்களும் ஒரே தன்மையன அல்ல.

விதை, பயறு: நீர் பட்டால் ஊறிப் பருத்து இறுகிவிடும். எனவே காதில் நீர் ஊற்றாதீர்கள்.

உயிருள்ள பூச்சி: உள்ளே ஊர்வதும் இரைவதும் தாங்கவொண்ணாத வேதனை தரும். செவிப்பறையில் துளையோ காதில் சீழோ இல்லையென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், சூடில்லாத தேங்காய் எண்ணெய் சில துளிகள் விடலாம். பூச்சி இறந்து வேதனை தணியும். எனினும் அதை அகற்றிக்கொள்ள மருத்துவமனைக்கு வருதல் வேண்டும்.

பட்டன் பேட்டரி: பொம்மை, கைக்கடிகாரம், ரிமோட் ஆகியவற்றில் உள்ள இச்சிறு வில்லையே மிக ஆபத்தானது. ஈரமான தோலில் பட்டதும் மின்னோட்டம் உண்டாகி, அவ்விடத்தில் காரப்பொருள் தோன்றித் திசுவை அரிக்கிறது. சில மணி நேரத்திலேயே ஆழ்ந்த புண் ஏற்படலாம், செவிப்பறையும் சிதையலாம். எண்ணெய், நீர், சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். வலி இல்லையெனினும், நள்ளிரவாயினும், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மூக்கில் புகுந்தாலும் இதுவே விதி.

இங்கு நாங்கள் நுண்ணோக்கியின் வழியே பொருளைப் பார்த்து, அதற்கேற்ற முறையைத் தேர்கிறோம். உருண்டை மணியின் பின்புறம் வளைந்த மெல்லிய கொக்கியைச் செலுத்தி முன்னோக்கி இழுக்கிறோம். பஞ்சையும் காகிதத்தையும் இடுக்கியால் எடுக்கிறோம். சிலவற்றை உறிஞ்சுகுழாயால் அகற்றுகிறோம். செவிப்பறை பழுதின்றி இருந்தால், மணல் போன்றவற்றை உடல் வெப்பத்தில் உள்ள நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறோம். குளிர்ந்த நீர் தலைச்சுற்றலை உண்டாக்கும். குழந்தை அசையாதிருக்க இயலாவிடில் மயக்க மருந்து அளித்துச் செய்வதே பாதுகாப்பானது. பொருளை எடுத்தபின் செவிப்பறையையும், மற்றொரு காதையும், மூக்குத் துளைகளையும் சோதிக்கிறோம். அங்கும் ஒன்று ஒளிந்திருப்பதுண்டு.

குழந்தைகள் அச்சத்தால் இதை மறைப்பதுண்டு. ஒரு காதில் மட்டும் துர்நாற்றமுள்ள நீர் வடிதல், வலி, கேள்விக் குறைவு ஆகியவை தோன்றினால் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். செவிக்குழலின் நரம்பு தூண்டப்படுவதால் சிலருக்கு வறட்டு இருமலும் வரும். குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டா. கடிந்தால் அடுத்த முறை சொல்லாது.

வரும்போது, புகுந்தது என்ன, எப்போது புகுந்தது, குழந்தை கடைசியாக உண்டது எப்போது என்பவற்றைக் கூறுங்கள். அதே போன்ற மணியோ பேட்டரியோ வீட்டில் இருப்பின் எடுத்து வாருங்கள். வீட்டில் எடுக்க முயன்றிருந்தால் அதையும் தயங்காது சொல்லுங்கள். உங்களைக் குறை கூறுவதற்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை. உள்ளே காயம் இருக்கக்கூடுமா என்பதை முன்னரே அறிவதற்காகவே கேட்கிறோம்.