எந்தக் கோப்பு வெளியே போகலாம்?

மாணவர்களே, சி மொழியில் நிரல் எழுதும்போது முதல் வரியில் ‘இன்குளூட்’ என்று தொடங்கி ஒரு கோப்பின் பெயரைக் கொடுக்கிறீர்கள் அல்லவா? ‘.எச்’ என்று முடியும் அதுதான் தலைப்புக் கோப்பு. அது உங்கள் கணினிக்குள் எப்படி வந்தது?

தலைப்புக் கோப்பு, உணவகத்தின் உணவுப் பட்டியல் போன்றது. என்ன கிடைக்கும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கும். சமையல் நடப்பதோ ‘நிரலகம்’ என்ற வேறொரு கோப்பில்.

‘இசட்லிப்’ என்ற நிரலகத்தை எடுத்துக்கொள்வோம். ஜான்-லூ கையி, மார்க் அட்லர் இருவரும் எழுதி 1995-இல் வெளியிட்டது. தரவைச் சுருக்குவது இதன் வேலை. பிஎன்ஜி படங்களைச் சேமிக்கவும் திறக்கவும் பல மென்பொருள்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

இதை நிறுவ மூன்று படிகள் உண்டு. முதலில் ‘கன்ஃபிகர்’ உங்கள் கணினியைச் சோதித்து, ‘இசட்கான்ஃப்.எச்’ கோப்பை அதற்கேற்ப அமைக்கிறது. அடுத்து ‘மேக்’ நிரலகத்தை உருவாக்குகிறது. கடைசியாக ‘மேக் இன்ஸ்டால்’, கம்பைலர் வழக்கமாகத் தேடும் ‘இன்குளூட்’ கோப்புறைக்குத் தலைப்புக் கோப்புகளை நகலெடுக்கிறது. எல்லாரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டுமே திருத்தலாம் என்ற அனுமதியையும் அவற்றுக்கு இடுகிறது.

இசட்லிப்பின் மூலக் கோப்புறையில் பத்துக்கும் மேற்பட்ட தலைப்புக் கோப்புகள் உள்ளன. ஆனால், வெளியே போவது ‘இசட்லிப்.எச்’, ‘இசட்கான்ஃப்.எச்’ ஆகிய இரண்டு மட்டுமே! மற்றவை சமையலறைக் குறிப்புகள். அடுத்த பதிப்பில் அவை மாறலாம். அவற்றை நம்பி நீங்கள் நிரல் எழுதினால், மாற்றம் வரும் நாளில் உங்கள் நிரல் உடைந்துவிடும்.

தலைப்புக் கோப்பு பழையதாகவும் நிரலகம் புதியதாகவும் இருந்தால் என்ன ஆகும்? ஒரு தரவுக் கட்டமைப்பின் அளவை இரண்டும் வெவ்வேறாகக் கணக்கிட்டால், நினைவகத்தில் தவறான இடத்தில் தரவு எழுதப்படும். கம்பைலர் இதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். அதனால் இசட்லிப் வேலையைத் தொடங்கும் முன் பதிப்பு எண்ணின் முதல் எழுத்தையும் கட்டமைப்பின் அளவையும் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் -6 என்ற பிழை எண்ணைத் தந்து நின்றுவிடும்.

ஆகவே, தலைப்புக் கோப்பை மட்டும் தனியாக எங்கிருந்தோ நகலெடுக்காதீர்கள். நிறுவும் கட்டளை இரண்டையும் சேர்த்தே வைக்கட்டும். நாளை நீங்களே ஒரு நிரலகம் எழுதினால், எதை வெளியே கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கடினம்!