முதுகில் 16 லிட்டர்!

லேப்டாப்பும் டிபன் பாக்ஸும் அடைத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ‘அப்பப்பா, என்னா வெயிட்டு!’ என்று அலுத்துக்கொள்ளும் ஆபீஸ் வாலிபர்களே! உத்திரமேரூர் பக்கம் ஒரு நடை வந்து பாருங்கள். இங்கே வயலில் இறங்குகிறவருக்கும் முதுகுச் சுமை உண்டு. உள்ளே இருப்பது 16 லிட்டர் பூச்சிமருந்துக் கரைசல்!

கணக்குப் போடுவோமா? கைத்தெளிப்பான் என்றால் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர். அதாவது 12, 13 டேங்க். ஒரு மீட்டர் அகலத்துக்கு அடித்துக்கொண்டே போனால் ஏக்கருக்கு நாலு கிலோமீட்டர் நடை. ரோட்டில் இல்லை சார், சேற்றில்! ஒரு கை பம்பை அடிக்க, மறு கை குழாயை வீச... ஜிம்முக்குப் பணம் கட்டுகிறவர்கள் யோசிக்கலாம்.

இப்போது பாட்டரி டேங்க் வந்து கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. முதுகுக்கு இல்லை!

சாமர்த்தியம் எல்லாம் நுனியில் இருக்கிற நாசிலில்தான். பூச்சிமருந்துக்குக் கூம்பாகப் புகை போல் விழும் நாசில். களைக்கொல்லிக்கு விசிறி போல் தட்டையாக விழும் நாசில். நெல்லில் புகையான் விழுந்தால் மேலே அடித்துப் பயனில்லை. ஆசாமி தூரில் உட்கார்ந்திருப்பார், அங்கேதான் அடிக்கணும். களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் பயிருக்கு அடித்தால், பூச்சியோடு பயிரும் போச்சு!

நாசில் அடைத்துக்கொண்டால் நம்மவர் என்ன செய்கிறார்? கழற்றி, வாயில் வைத்து ‘ஃபூ’ என்று ஊதுகிறார்! விஷத்துக்கு இதைவிட நேர்வழி உண்டா? பழைய டூத் பிரஷ் போதுமே. டேங்க் ஒழுகினால் முதுகுச் சட்டை நனையும். தோல் வழியாகவும் விஷம் உள்ளே போகும். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த தொழிலாளர்களும் விவசாயிகளும் பலர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

ஆகவே, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் மருந்து போகட்டும். எதிர்க்காற்றில் அடிக்க வேண்டாம். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. தலைசுற்றல், வாந்தி, எச்சில் வடிதல், பார்வை மங்கல் என்றால் மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மருந்து டப்பாவோடு!

டிரோனும் வந்தாச்சு. பத்து லிட்டரைத் தூக்கிக்கொண்டு, ஏக்கரைச் சில நிமிஷங்களில் முடித்துவிடும். மகளிர் குழுக்கள் 15,000-க்கு டிரோன் தரும் திட்டத்துக்கு 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஆனால் கால் காணி வைத்திருப்பவருக்கு இன்றும் துணை, முதுகு டேங்க்தான்.

குடவோலைத் தேர்தலைக் கல்லில் வெட்டிய ஊர் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் உண்டு. மருந்தடிக்கிறவர் உடம்புக்கு மட்டும் வாரியம் இல்லை! ஊருக்குப் போகும் பிள்ளைகளே, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஸ்வீட் பாக்கெட்டோடு ஒரு ஜோடி ரப்பர் கையுறை, மாஸ்க், டேங்குக்குப் புது வாஷர் வாங்கிப் போங்கள். “இதெல்லாம் எதுக்குடா தண்டச் செலவு?” என்பார் அப்பா. சொல்லட்டும். மாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறணும்!