உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காடு சிவக்கும் பருவம்

● ஜப்பானின் ஃபூஜி மலையடியில் யமனாகா, கவாகுச்சி, சாய், ஷோஜி, மோட்டோசு என ஐந்து ஏரிகள் உண்டு. 3,776 மீட்டர் உயரமுள்ள அந்த எரிமலை கக்கிய தீக்குழம்பு நீரோட்டங்களை மறித்ததால் பிறந்தவை அவை. நவம்பரில் கவாகுச்சி ஏரிக்கரையின் மேப்பிள் மரங்கள் சிவக்கும். அதைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து கூட்டம் திரளும். அதே நவம்பரில் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும். கண்ணுக்கு எட்டியவரை பச்சைதான். அருகிலுள்ள நம் பழவேற்காடு ஏரி சிவக்க, மழை ஓய்ந்து தை பிறக்க வேண்டும்.

● ஆம், பழவேற்காடு ஏரிக்கரையும் சிவக்கும்! ஆனால் சிவப்பது மரமல்ல, முழங்காலளவே வளரும் உமரிச் செடி. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் பாய்வதால் உப்பு குறையும், உமரி பச்சைப்பசேல் என்று நிற்கும். பிறகு வெயில் ஏற ஏறக் கரையோர நீர் வற்றி, சேற்றில் உப்பு கூடும். சதைப்பற்றான அதன் இலையும் தண்டும் மெல்ல மெல்லச் செவ்வூதாவாக மாறும். உப்புக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்க அந்தச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

● மேப்பிளின் சிவப்பும் உமரியின் சிவப்பும் ஒன்றல்ல. மேப்பிள் இலையில் பச்சையம் சிதையும் நாட்களில், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற நிறமி புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் சிவப்பு கூடும். உமரியில் இருப்பது பீட்டாசயனின். பீட்ரூட்டுக்கும் செந்தண்டுக்கீரைக்கும் நிறம் தருவது இதே வகைதான். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை என்பது தாவரவியலின் பெரிய வியப்புகளில் ஒன்று.

● உமரியின் உறவுக்காரச் செடி சிவப்பதைப் பார்க்க ஜப்பானிலேயே கூட்டம் கூடுகிறது. ஹொக்கைடோ தீவின் நோட்டோரோ ஏரிக்கரையில் செப்டம்பரில் அது கம்பளமாய்ச் சிவக்கும். பவளப் புல் என்கிறார்கள். சீனாவில் லியாவ்நிங் மாகாணத்தின் பான்ஜின் நகருக்கு அருகே உள்ள செங்கடற்கரைக்கு நிறம் தருவது நம் உமரியின் பேரினத்தையே சேர்ந்த செடி. செடியை மிதிக்காமல் பார்க்க, சேற்றின் மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். இங்கோ உமரி முளைத்த சதுப்பைப் பலரும் வெறும் தரிசு என்றே கடந்துபோகிறோம். குப்பை கொட்டவும் தயங்குவதில்லை. மனம் வலிக்கிறது.

● உமரி கீரையும்கூட. இளந்தளிரை வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைப்பார்கள். உப்பு போடத் தேவையில்லை.

● இலை சிவந்து உதிரும் மரத்தைத்தான் பார்க்க வேண்டுமா? தெருவிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிற்கும் பாதாங்கொட்டை மரத்தை அண்ணாந்து பாருங்கள். இந்தக் கடற்கரை மரம் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை இலையைச் சிவக்கவைத்து உதிர்க்கிறது. காய்ந்த இலைகூட வீணில்லை: வண்ணமீன் வளர்ப்போர், குறிப்பாகச் சண்டைமீன் வைத்திருப்போர், அதைத் தொட்டி நீரில் போடுகிறார்கள். இலையிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து நீரைத் தேநீர் நிறமாக்கி, மீனுக்கு இதமாக வைக்கிறது.

● சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் உதிரும் முன் சிவக்கும் மரமே. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் பார்க்கலாம். தொட்டுவிடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

● அலையாத்தி மரங்களிலிருந்து உதிரும் இலை நீரில் மட்கி, நுண்ணுயிர்களோடு சேர்ந்து, நண்டுக்கும் இறாலுக்கும் உணவாகிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். பழவேற்காட்டு மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’களில் வலையில் ஏறுவதும், இருளர் பெண்கள் ஆழமில்லாத நீரில் கையால் தடவிப் பிடிப்பதும் அந்த இறாலைத்தான். உதிர்ந்த இலையை வேடிக்கை பார்க்க ஆயிரம் ஊர் உண்டு. உதிர்ந்த இலை ஓர் ஊருக்கே சோறு போடுவதை இங்கே காணலாம். முகத்துவாரம் மணல் மேவி அடைபட்டால் கரையூர்கள் கலங்குவதும் இதனால்தான்.

● குளிர்நாட்டு மரங்களில் சாகப்போகும் இலை சிவக்கிறது. நம் மரங்கள் பலவற்றில் பிறக்கும் இலை சிவப்பு! மாந்தளிரையும் அரசந்தளிரையும் மாசி, பங்குனியில் கவனியுங்கள். கடும் வெயிலிலிருந்து இளந்தளிரைக் காப்பது அந்தச் செந்நிறம்.

● இந்தியாவிலேயே மலையும் ஏரியும் செவ்விலையும் ஒன்றுசேர வேண்டுமென்றால் ஸ்ரீநகர்தான். தால் ஏரியைச் சுற்றியுள்ள சினார் மரங்கள் அக்டோபர் கடைசியிலிருந்து நிறம் மாறும். உதிர்ந்த சினார் இலையைக் கரியாக்கி, குளிருக்குக் கதகதப்புத் தரும் ‘காங்கிரி’ சட்டியில் காஷ்மீர் மக்கள் பயன்படுத்துகிறார்கள்.

● பழவேற்காட்டுக்கு வரும் பூநாரையின் இளஞ்சிவப்பும் இரவல் நிறமே. பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள கரோட்டினாய்டு இறகில் ஏறுகிறது. குஞ்சாக இருக்கையில் அது சாம்பல் நிறம். அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும்.

● ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமானது.

● போக விரும்புவோருக்கு: மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயிலில் பொன்னேரி; அங்கிருந்து பேருந்து. தை, மாசியில் காலையிலேயே போய்விடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதன்பின் உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. யாராவது அழைத்தாலும் ஏறாதீர்கள். பூநாரைக்குத் தொலைநோக்கி போதும். உமரிக்கு அதுவும் வேண்டாம், கரையில் நின்று குனிந்தால் போதும். சேற்றில் இறங்கிச் செடியை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.